கல்லோடைக் குளத்துப் பெட்டை

அன்று கல்லோடைக் குளக்கரையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: அப்புத்தளை ரயில் நிலையத்தில் டிக்கெட் கிளார்க்காக இருந்த சிவராசா, அவன் தாய் குணமணி, கல்லோடைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பதால் எல்லோருக்கும் 'டாக்டர்' ஆகிவிட்ட கனகரத்தினம், அவர் மனைவி ஞானேஸ்வரி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் மகள் யோகமலர், குளத்துக் காவல்காரன் மாரிசாமி, பண்டாரவளையிலிருந்து வாடகைக் கார் கொண்டுவந்த மர்ஸூக். வேறு மனிதர் எவரும் அங்கே நிற்கவில்லை. பின்னாளில் 'என் கண்ணால் கண்டேன்' என்று சொன்னவர்களை எல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் நிரம்பும். அத்தனை பேர் ஏறி நின்றிருந்தால் அந்தப் பழைய அணை தாங்கியிராது.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. குளம் பார்க்கத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். அப்படித்தான் பேச்சு. பெண் பார்க்க என்ற சொல்லை எவரும் வாயில் எடுக்கக்கூடாது என்று கனகரத்தினம் முன்னரே சொல்லி அனுப்பியிருந்தார். "என்ர பிள்ளை கதிரையிலை இருத்திக் காட்டுற சாமான் இல்லை. தோட்டத்திலை நல்ல குளம் ஒண்டு இருக்கு. அவை பார்க்க வாறதெண்டால் வரட்டும். நாங்களும் அண்டைக்குக் குளம் பார்க்கப் போவம்."

இந்தச் செய்தி காதில் விழுந்தபோது குணமணிக்குக் கோபம் வரவில்லை. மரியாதைதான் வந்தது. வடக்கே கரவெட்டியில் தலைமை வாத்தியார் வீட்டு மருமகளாகப் புகுந்து, கணவன் போன பின்னும் ஒருவரிடமும் ஒரு சொல் கேளாமல் பிள்ளையை வளர்த்தவர் அவர். நிமிர்ந்து நிற்பவரை நிமிர்ந்து நிற்பவருக்குப் பிடிக்கும். போதாததற்கு, அவர் தேடிக் கொடுத்த மூன்று இடங்களையும் வேண்டாம் என்ற சிவராசா, இந்த இடத்துக்குத்தான் தானாக வாய் திறந்தான். டிக்கெட் யன்னலில் ஒருநாள் அவன் தூங்கிப்போக, பலகையில் தட்டி, "ஐயா, ரயில் வந்திட்டுது, எழும்புங்கோ" என்று எழுப்பிய பெண் இவள். அதிலிருந்து அவன் யன்னலில் தூங்குவதே இல்லை என்று நிலையத்தில் பகிடி பண்ணினார்கள். இந்த ஒன்றும் தட்டிப்போனால் அவன் இனிக் கலியாணம் என்ற பேச்சுக்கே வரமாட்டான் என்பது தாய்க்குத் தெரியும்.

மகனுக்குச் சமைத்துப் போட அவர் மலைநாட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரயில் குவாட்டர்ஸை விட்டு வெளியே அதிகம் இறங்கியதில்லை. குளிருக்குக் காலுறையும், கௌரவத்துக்குக் கணவனின் வளைந்த பிடிக் குடையும் அவரோடு எப்போதும் இருந்தன. மூக்குக்கண்ணாடி மட்டும் கைப்பைக்குள் இருந்தது. பிறர் முன்னால் அதைப் போடுவதில்லை.

கார் நின்றதும் மர்ஸூக் ஒரு துண்டுச் சவுக்காரத்தை நீட்டினான்.

"அட்டை ஈக்கிது அம்மா. கால்ல கொஞ்சம் பூசிக்கொளுங்க."

"என்னை அட்டை கடியாது."

"அது அட்டைக்குத் தெரியணுமே அம்மா."

யோகமலர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குணமணி அதைக் கவனித்தார். அடக்கத் தெரிந்த சிரிப்பு நல்லது என்று மனதுக்குள் ஒரு புள்ளி போட்டுக்கொண்டார்.

ஞானேஸ்வரி பனையோலைப் பெட்டியைத் திறக்கப் போனாள். "விடியவே வெளிக்கிட்டிருப்பியள். பயத்தம் பணியாரம். ஒண்டு வாயிலை போட்டிட்டு நடப்பமே?"

"பிறகு பாப்பம்" என்றார் குணமணி.

ஞானேஸ்வரி மூடியை அழுத்தினாள். சம்மதம் என்று மனம் சொல்லுமுன் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை. அது இரு பக்கத்துக்கும் தெரிந்த வழக்கம். பெட்டி மர்ஸூக்கின் கைக்குப் போயிற்று. கார் இருந்த இடத்தில் நிற்க வேண்டியவன் அவன். 'பணியாரத்துக்கு நான் காவல்' என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

அது ஒரு காலத்தில் தேயிலை ஃபேக்டரிச் சக்கரத்தைச் சுழற்றத் தண்ணீர் தேக்கிய குளம். எண்ணெய் எஞ்சின் வந்ததும் சக்கரம் நின்றது. குளத்தை எவரும் தேடவில்லை. நாணலும் கோரையும் கரையை அடைத்து வளர்ந்தன. அல்லி பாதித் தண்ணீரை மூடிக்கொண்டது. பிறகு பறவைப் பைத்தியம் பிடித்த ஒரு துரை வந்து, இங்கே துப்பாக்கி வெடிக்கக்கூடாது, தூண்டில் போடக்கூடாது என்று மூன்று பாஷையில் பலகை நட்டார். மாரிசாமியைக் காவலுக்கு வைத்தார். அவன் மதகைப் பார்த்தான். பாசி அள்ளினான். சேற்று நிலத்தில் கால் புதையாமல் நடக்கப் பலகை போட்டான். கைப்பிள்ளைக்காரியும் சுற்றிவரக்கூடிய சின்ன நடை. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் சவுக்கு மரங்கள்.

குணமணி முதல் வளைவில் நாணல் திரையைத் தாண்டியபோது தன்னை அறியாமல் நின்றுவிட்டார். பங்குனி மாதத்தில் இவ்வளவு தண்ணீர்! கரவெட்டியில் இந்நேரம் குளம் வெடித்து மாடு மேயும். இங்கே பனிமூட்டம் மெல்ல எழும்ப, வெயில் பட்ட இடமெல்லாம் தண்ணீர் பளிச்சென்று கண் திறந்தது. தொழிலாளர் லயத்திலிருந்து விறகுப் புகையும் ரொட்டி சுடும் மணமும் சரிவில் இறங்கி வந்தன.

"அந்தா! அந்தா! தலைகீழாப் பாயுது!" சிவராசா சின்னப் பையன்போலக் கத்தினான்.

ஒரு மீன்கொத்தி நீலக் கல் எறிந்ததுபோல் விழுந்து, வாயில் வெள்ளியோடு எழும்பிற்று.

"அது போதாது. இஞ்ச பாருங்கோ, இந்தக் குண்டன் முக்குளிப்பான். இப்ப மறைவார். எங்கை எழும்புவார், சொல்லுங்கோ பாப்பம்?" யோகமலர் கையால் காட்டினாள்.

"அந்த மரக்கட்டைக்குப் பக்கத்திலை."

"இல்லை. கோரைக்குக் கிட்ட."

பறவை கோரைக்குக் கிட்ட எழும்பிற்று.

"தோத்திட்டியள்!"

"இன்னொருக்கா! இன்னொருக்காப் பாப்பம்!"

குணமணிக்கு நெஞ்சுக்குள் என்னவோ துள்ளியது. முகத்தில் காட்டவில்லை. தன் மகன் இவ்வளவு சத்தமாகக் கதைத்து அவர் கேட்டு எத்தனை காலம்! கனகரத்தினம் கழுத்தில் தொங்கிய, துரை இரவல் தந்த தூரக்கண்ணாடியைக் கழற்றி மரியாதையோடு நீட்டினார்.

"இதாலை பாருங்கோ."

"எனக்குக் கண் தெரியும்."

"சரி. ஆனால் ஒரு விசேசம் இருக்கு. இந்தக் குளத்துக்குப் புதிசு. கடைசியிலைதான் காட்டுவன்." சொல்லும்போது அவர் மீசை துடித்தது. அவ்வளவு பெருமை.

பிள்ளைகள் இருவரும் பலகைப் பாதையில் முன்னே போனார்கள். ஒரு கூப்பிடு தூரம் விட்டு, பார்வை விடாமல், பெண்ணைப் பெற்றவர்கள் இருவரும் நடந்தார்கள். குணமணி வேண்டுமென்றே பின்தங்கினார். பெண்ணின் வீட்டார் சொல்வதை மட்டும் கேட்டுச் சம்பந்தம் செய்வது அவர்கள் குடும்பத்தில் இல்லை. அயலில் ஒருவரைக் கேட்க வேண்டும். அயல் என்று அங்கே இருந்தது, மதகடியில் குந்திப் பாசி வழித்துக்கொண்டிருந்த மாரிசாமிதான். அவனிடம் யார் எதற்கு வருகிறார்கள் என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. குளம் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

அல்லிப் பரப்புக்கு அப்பால், பலகை முனையில் யோகமலரின் பச்சைச் சேலை தெரிந்தது. குணமணி அந்தப் பக்கம் தாடையை அசைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"உந்தப் பெட்டையை உமக்குத் தெரியுமோ?"

மாரிசாமி அவர் காட்டிய பக்கம் பார்த்தான். முகம் விரிந்தது. குளம் பார்க்க வந்த எவரும் இதுவரை அவனிடம் இப்படி ஆசையாகக் கேட்டதில்லை.

"தெரியாமங்களா! காலங்காத்தால அது மொகத்துலதானுங்க முழிக்கிறேன்."

"ஆள் எப்பிடி?"

"அழகுன்னா அழகு, அப்பிடி ஒரு அழகுங்க. அது நடக்கிறதப் பாருங்க, தண்ணி அலுங்காது."

குணமணிக்குச் சந்தோசம். "குணம்?"

மாரிசாமி தலையைச் சொறிந்து சிரித்தான். "கொணத்த மட்டும் கேக்காதீங்கம்மா."

"ஏன்? சொல்லும். நான் ஒருத்தருக்கும் சொல்லன்."

"இதுல என்னாங்க ஒளிவு மறைவு, தோட்டம் பூராத் தெரிஞ்ச கததானே. மாசியில ஒருத்தன்கூட இருந்துச்சு. பெத்தத அவன் தலையில கட்டிட்டு இந்தப் பக்கம் வந்திருச்சு. அவன்தான் பாவம், ராப்பகலாக் காத்துக்கிட்டுக் கெடக்கிறான்."

குணமணி ஓரடி கிட்ட வந்தார். "பெத்ததையோ?"

"ஆமாங்கம்மா. ஒரு தடவ திரும்பிப் பாக்கணுமே? ம்ஹூம். அடுத்தவனைத் தேடிக்கிட்டுப் போயிருச்சு."

"டாக்குத்தருக்கு... இது தெரியுமோ?"

"நல்லாக் கேட்டீங்க! மொத மொத அதக் கண்டுபிடிச்சதே அவருதானுங்க. தொரை பங்களாவுக்கு ஓடிப்போயிச் சொல்லி, தொரைச்சாணி அம்மா வந்து படம் புடிச்சிட்டுப் போனாங்க. டாக்டர் ஐயாவுக்கு ஒரே பெரும!"

"சிவ சிவா."

"இப்ப புதுசா ஒருத்தன் வந்திருக்கான்ங்க. அந்தா, நாணலுக்குப் பக்கத்துல நிக்கிறான் பாருங்க. அப்புராணிப் பய. இவன் தலையிலயும் கட்டத்தான் போகுது."

அவன் விரல் நீட்டிய திசையில், நாணலுக்குப் பக்கத்தில், வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தவன் சிவராசா.

ஒரு கணம், 'இன்னொருக்கால் கேட்டுப் பார்' என்று குணமணியின் மனம் சொன்னது. அந்தப் பெண்ணின் சிரிப்பு அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆனால் இப்படிப்பட்ட கதையை வாத்தியார் வீட்டு ஆள் இரண்டாந்தரம் வாய்விட்டுக் கேட்பதா? குடையை ஊன்றி விறுவிறென்று நடந்தார். சேலைக்கரை சேற்றில் தோய்ந்ததையும் பார்க்கவில்லை.

"டாக்குத்தர், நடந்தது காணும். நாங்கள் திரும்புறம்."

கனகரத்தினம் திடுக்கிட்டார். "ஏன்? விசேசத்தை இன்னும் காட்டேல்லையே."

"உங்கட விசேசம் எல்லாம் அறிஞ்சாச்சு. படம் பிடிச்ச விசேசம்கூட அறிஞ்சாச்சு."

"ஓ, மாரிசாமி சொல்லிப்போட்டானோ!" அவர் முகம் விழுந்தது. தானே காட்ட வைத்திருந்ததை அவன் முந்திவிட்டான் என்ற கவலை. "சரி, பரவாயில்லை. எப்பிடி, புதுமையான புதினம்தானே?"

"புதினமோ!" குணமணியின் குரல் குளத்தின் மறுகரையைத் தொட்டுத் திரும்பியது. "தேப்பன் எண்டு சொல்ல வெக்கமில்லையோ உங்களுக்கு? என்ர பிள்ளையை ஆரெண்டு நினைச்சியள்? உங்கட பெட்டை ஒருத்தன்ர தலையிலை கட்டினது காணாதெண்டு..."

ஞானேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். கனகரத்தினம் மெல்ல நிமிர்ந்தார். அந்த முதுகு நிமிர்ந்த விதத்தைப் பார்த்து மர்ஸூக் பணியாரப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினான்.

"அம்மா, என்ர பிள்ளையைப் பற்றியோ கதைக்கிறியள்?"

"வேறை ஆரைப் பற்றி?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முன்னாலிருந்து, "ஐயோ!" என்று ஒரு குரல். தண்ணீர் விழுந்த சத்தம் இல்லை. ஏதோ பெரிய வாய் ஒன்று சப்புக்கொட்டிய சத்தம்.

புல்மேடு என்று நினைத்துச் சிவராசா பலகையை விட்டுக் கால் வைத்திருக்கிறான். அது புல் மூடிய சேறு. அவர்கள் ஓடிப்போனபோது இடுப்புவரை போய்விட்டது. கை இரண்டையும் விரித்துக்கொண்டு, கண்ணை மட்டும் எதிலோ வைத்தபடி நின்றான்.

"அசையாதேங்கோ! உதைஞ்சால் இன்னும் தாழும்!" யோகமலர் திரும்பினாள். "மாமி, குடையைத் தாங்கோ!"

குணமணி கொடுத்தாரா, அவள் பறித்தாளா என்பது ஒருவருக்கும் நினைவில்லை. அவள் பலகையில் குப்புறப் படுத்து, வளைந்த பிடியை அவனிடம் நீட்டினாள்.

"ரெண்டு கையாலும் பிடியுங்கோ. நான் சொல்லுமட்டும் விடாதேங்கோ."

"விடமாட்டன்" என்றான் சிவராசா. சேற்றில் நின்றுகொண்டு ஒருவன் அவ்வளவு சந்தோசமாக அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

கனகரத்தினம் மகளின் காலைப் பிடிக்க, அவள் இழுத்தாள். முழங்கால், கணுக்கால் என்று சேறு அவனை ஒவ்வொரு பங்காகத் திருப்பித் தந்தது. கால் சப்பாத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது.

பாசிக் கத்தியோடு ஓடிவந்த மாரிசாமி மூச்சுவாங்கினான். "பாத்தீங்களாம்மா? அந்தப் பெட்டையப் பாக்கப் போயித்தானுங்களே சின்னையா விழுந்துட்டாரு!"

"கேட்டியளோ? இப்பவும் சொல்லுறான்!" குணமணி கனகரத்தினத்தின் பக்கம் திரும்பினார்.

யோகமலர் எழுந்து கையைச் சேலையில் துடைத்தாள். அவள் பார்வை மாரிசாமியிடமிருந்து குணமணிக்குப் போய் மீண்டும் அவனிடம் வந்தது.

"மாரிசாமி அண்ணே, எந்தப் பெட்டை?"

"அந்தா, எல மேல நிக்குதுங்களே டீச்சர். இந்த அம்மாகூட ஆசையா வெசாரிச்சாங்க, அழகு எப்பிடி, கொணம் எப்பிடின்னு..."

அவள் அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. பலகையில் இருந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வழிந்தது. "மாமி, எங்கட ஊரிலை பெட்டை எண்டால் பொம்பிளைப் பிள்ளை. இஞ்சத்தை ஆக்களுக்குப் பெட்டை எண்டால் கோழி! நான் பள்ளிக்கூடத்துக்கு வந்த புதிசிலை ஒரு பிள்ளையைக் 'கெட்டிக்காரப் பெட்டை' எண்டு சொல்லிப்போட்டன். அடுத்த நாள் தாய் கொழுந்துக் கூடையோடை வந்து நிண்டா. 'டீச்சர், எம்புள்ள முட்டையா போடுது?' எண்டு கேட்டா."

மர்ஸூக் சிரித்த சிரிப்பில் கொக்குகள் கிளம்பின. மாரிசாமி ஒன்றும் விளங்காமல், தான் என்ன பிழை சொன்னேன் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

கனகரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை.

"இலைக்கோழி" என்றார், ஒவ்வொரு சொல்லாக. "கீழை வெல்லவாயப் பக்கத்துக் குளங்களிலையிருந்து ஏறி வந்தது. பெட்டை முட்டையிட்டிட்டுப் போயிடும். அடைகாத்துக் குஞ்சு வளர்க்கிறது சேவல். அதைத்தான் காட்ட வைச்சிருந்தனான். சரி. பிழை சொல்லிலை. ஆனால் என்ர பிள்ளையைப் பற்றி அப்பிடி ஒரு கதையை நீங்கள் நம்பினியள். அது எனக்கு நோகுது. நீங்கள் முதலே சொன்னமாதிரி, திரும்புவம்."

இப்போது வேண்டாம் என்பவர் அவர். சிவராசா சேறு சொட்டச் சொட்டத் தாயைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க அவரால் முடியவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லைக் குணமணி தன் ஆயுளில் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போதும் அது நாவுக்கு வரவில்லை. கைப்பையைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து, எல்லோரும் பார்த்திருக்கப் போட்டுக்கொண்டார். பிறகு மர்ஸூக்கிடம் போனார்.

"அந்தப் பெட்டியை இஞ்ச தாரும்."

தானே மூடியைத் திறந்தார். ஒரு பயத்தம் பணியாரத்தை எடுத்து வாயில் போட்டார். அவசரப்படாமல், நின்ற நிலையில், கனகரத்தினத்தின் முகத்தைப் பார்த்தபடியே மென்று விழுங்கினார்.

"ஞானேஸ்வரி, பாகு நல்ல பதம்" என்றார். "இன்னொண்டு எடுக்கிறன்."

ஞானேஸ்வரியின் கண் நிறைந்தது. கனகரத்தினம் மீசையை ஒருதரம் நீவினார். இன்னொருதரம் நீவினார். கை நனைத்துவிட்ட மனுசியைத் திருப்பி அனுப்ப எந்த வழக்கத்திலும் இடமில்லை. கழுத்திலிருந்து தூரக்கண்ணாடியைக் கழற்றி இரண்டாம் முறையாக நீட்டினார்.

குணமணி அதை மூக்குக்கண்ணாடிக்கு மேல் வைத்தார். முதலில் ஒரே பச்சை. பிறகு ஓர் அல்லி இலை. இலையின் மேல் வெள்ளை முகம், பொன் பூசிய பின்கழுத்து, வளைந்து இறங்கும் நீண்ட வால். சிலந்திபோல் நீண்ட விரல்களை வைத்து, தண்ணீர் அலுங்காமல், இலைக்கு இலை நடந்துகொண்டிருந்தது.

"அட கள்ளி!" அவர் சத்தமாகவே சொல்லிவிட்டார். "அட கள்ளி! நடையைப் பாரன்! சிவராசா, பாத்தனியோ? உவன்ர தலையிலை கட்டிப்போட்டு உலாத்திற உலாத்தைப் பாரன்!"

"அதைப் பாக்கத்தானே அம்மா விழுந்தனான்."

"வாங்கோ, சுத்தி முடிப்பம்" என்றார் கனகரத்தினம். "பாதியிலை திரும்பினதெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

சுற்றி முடித்தார்கள். சிவராசா ஒற்றைச் சப்பாத்தோடு நடந்தான். கார் அருகே வந்தபோது குணமணியின் கணுக்காலில், காலுறைக்கு மேலே, அட்டை ஒன்று கொழுத்துத் தொங்கியது. மர்ஸூக் பார்த்தான். சவுக்காரத்தை மட்டும் எடுத்து வைத்தான்.

ஆவணியில் கலியாணம். அதற்குள் கதை கிளம்பிவிட்டது. கார்த்திகையில் ஒருநாள் பண்டாரவளை ரயில் நிலைய வாங்குப் பலகையில் குணமணிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண், அவரை யாரென்று அறியாமல், அவரிடமே அதைச் சொன்னாள்: கல்லோடை டாக்டர் மகள் குளத்தில் வழுக்கி விழுந்தாளாம். அப்புத்தளை டிக்கெட் கிளார்க் பாய்ந்து தூக்கினானாம். தொட்டுத் தூக்கிவிட்டதால் கட்டவேண்டி வந்ததாம்.

குணமணி குடையை மடியில் நேராக வைத்துக்கொண்டார்.

"பெட்டை விழேல்லை. விழுந்தது என்ர மகன். இழுத்தெடுத்தது அவள். குடை என்ர."